பேஸ் வருகிற இடம்

இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேரோடு நான் முப்பது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறேன். பாவம், அவர்களுக்கு அது தெரியாது. நீளத் தலைமுடியும் இறுக்கிப் பிடித்த கால்சட்டையுமாக ஒரு கேசட் அட்டையில் நின்றவர்கள். கல்யாணத்துக்கு முன்பே என் வீட்டுக்காரர் அவர்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். நான் பிறகு வந்து சேர்ந்தவள். அந்த ராக் குழுவின் பெயரைச் சொன்னால் பாட்டுக் கேட்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். நான் எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அவர்களுக்கு 'ஒங்க கூட்டாளிமாரு' என்றுதான் பெயர். அது போதும்.

கூட்டாளிகளிலும் அவருக்கு ஒருவன்தான் முக்கியம். பாடுகிறவன் இல்லை, கிட்டாரை வைத்துக்கொண்டு துள்ளுகிறவன் இல்லை. ஓரமாக நின்று நாலு தடித்த கம்பி உள்ள பேஸ் கிட்டாரை வாசிக்கிறவன். இவரும் அதைத்தான் வாசித்தார், ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் பழைய மிஷன் சபையின் பாடகர் குழுவில். மற்ற ஆறு நாளும் நெய்யாற்றின்கரைக்குப் போகிற வழியில் ஒரு தடிமில்லில் வேலை. அம்பூரியிலிருந்து இறங்கும் ரப்பர் மரத்தையும், அக்கம்பக்கத்து வீட்டுத் தோட்டப் பறம்புகளில் விழும் பலா, அயினித் தடிகளையும் பெரிய அறுப்பு வாளுக்குக் கொடுத்துப் பலகையாக்குகிற வேலை. அந்த வாளின் கீச்சுச் சத்தத்தில் நின்று நின்றுதான் அவருக்கு அடிச்சத்தத்தின் மேல் ஆசை வந்ததோ என்னவோ.

நான் அதற்கு நேர்மாறு. கொல்லயில் ஊரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். நாற்பது பிள்ளைகளைக் குரலாலேயே உட்கார வைத்துப் பழகியவள். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று உச்சக் குரலில் பாடுகிறவள். "டீச்சர் பாட்டெடுத்தா கரண்டு கம்பியில இரிக்கிய காக்கா பறந்துபோவும்" என்று குழுவில் ஒரு கேலி உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கல்யாணமான புதிதில் ஒரு மாலையில் அவர் கேசட்டைப் போட்டுவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பாட்டு ஓடியது. இங்கிலீஷ், ஒரு வரி புரிந்தது, நாலு வரி புரியவில்லை. "நல்லாத்தான் பாடுகான்" என்றேன், மரியாதைக்கு.

"எடி, பாடுகவனைக் கேக்காதே. பாட்டுக்க அடியைக் கேளு."

"அடியில என்ன உண்டு?"

"இப்ப ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு வரி கழியட்டு. இப்ப வருவான் பாரு."

அவன் வந்தான். எனக்கு அது சரியாக நினைவிருக்கிறது. அதுவரை பாட்டு எங்கேயோ காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவுமில்லை. பேஸ் வந்த பிறகுதான் அதற்குத் தரை கிடைத்தது. உள்ளங்காலில் 'தும்' என்று ஏதோ ஏறியது. நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். முதல் தடவையிலேயே தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. அவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும், பஸ்ஸில் யாராவது போனில் போட்டிருந்தால்கூட, எனக்கு நேரே ஒரு விரலை உயர்த்திக் காத்திருப்பார். பேஸ் வருகிற இடத்தில் விரலைத் தாழ்த்துவார்.

அவருக்குப் பிடித்த பேஸ் துண்டுகளுக்கெல்லாம் அவரே பெயர் வைத்திருந்தார். ஒன்று 'குளத்துப்படி'. பாட்டு முழுக்க அது படிப்படியாகக் கீழே இறங்கும். மூன்றாம் படியில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு நாலாவதில் இறங்கும். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள குளத்தில் மூன்றாம் படி எப்போதும் பாசி பிடித்து வழுக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது அவளைக் குளிக்கக் கூட்டிப்போகையில் இந்தப் பேஸை வாயால் வாசித்துக்கொண்டே இறங்குவார். மூன்றாம் படியில் பாட்டும் நிற்கும், பிள்ளையும் நிற்பாள்.

இன்னொன்று 'நிக்கியவன்'. அந்தப் பாட்டில் மற்ற மூன்று பேரும் பேய் பிடித்தது போல ஓடுவார்கள். பேஸ்காரன் ஒரே சுரத்தில் நின்றுகொண்டே இருப்பான். "இதுக்கு என்னத்துக்கு ஒரு ஆளு? நானே வாசிப்பேனே" என்று நான் கிண்டல் செய்ததுண்டு. "எல்லாரும் ஓடினா எவனாவது ஒருத்தன் நிக்கணும் ஆக்கும்" என்றார். என் அம்மா படுக்கையில் கிடந்த வருஷம் நான் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடினேன். அவர் மில்லிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, சோறு வைத்து, மகளைப் படிக்க வைத்து, எனக்குச் சுடுதண்ணீர் போட்டு வைத்திருப்பார். ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கும் அப்போது நன்றி சொல்லத் தோன்றவில்லை. அது தானாக நடக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாவது, எல்லோரும் வாசித்து ஓய்ந்த பிறகு பேஸ் மட்டும் நாலு சுரம் வாசித்து முடிக்கிற பாட்டு. பாட்டு முடிந்ததென்று நான் எழுந்து பெட்டியை அணைக்கப் போனால், "இரி இரி, அவன் இன்னும் போகல்ல. எல்லாரும் போன பொறவு கதவைப் பூட்டிட்டு வாறவன் அவனாக்கும்" என்பார். அந்த நாலு சுரத்துக்காக எத்தனை தடவை அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கிறது.

இப்படியே வருஷங்கள் போயின. கேசட் போய் போன் வந்தது. மகள் கல்யாணமாகித் திருவனந்தபுரத்தில் குடியேறினாள். கைக்கு அடக்கமான ஒரு ஸ்பீக்கரை அப்பாவுக்கு வாங்கித் தந்தாள். தேங்காய் அளவுதான் இருக்கும், ஆனால் பேஸ் அப்படி ஒரு பேஸ். அவர் மில் வேலையிலிருந்து நின்றுகொண்டார். நானும் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றேன். இனி இரண்டு பேரும் வீட்டில் சமாதானமாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் எனக்குப் பதில் சொல்வதை நிறுத்தினார்.

முதலில் ஒன்றிரண்டு தடவை. பிறகு நாளெல்லாம். அடுக்களையிலிருந்து கூப்பிடுவேன், முன்னறையில் அசையாமல் இருப்பார். பக்கத்தில் போய்ச் சொன்னால், "ஆ, செரி" என்பார். சொன்ன காரியம் நடக்காது. வெண்டைக்காய் வாங்கச் சொன்னால் வெறுங்கையோடு வருவார். செவிட்டுத்தனமோ என்று நினைக்க வழியில்லை. மெயின் ரோட்டில் தடி லாரி வருவதை என்னைவிட முன்னால் அவர்தான் சொல்வார். எங்கோ கோயில் திருவிழாவில் மேளம் தொடங்கினால் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவார். ஸ்பீக்கரில் 'குளத்துப்படி' ஓடினால் விரல் தொடையில் சரியாக இறங்கும். அதெல்லாம் கேட்கிறது, கட்டின பெண்டாட்டி கூப்பிடுவது மட்டும் கேட்கவில்லை என்றால் நான் என்ன நினைப்பேன்?

குழுவில் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். "அவருக்கா காது கேக்காது? நேத்தும் ஒரு இடம் பிசகாம வாசிச்சாரே" என்றார்கள். உண்மைதான். அவர் எப்போதும் ஒரு காலை ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டுதான் வாசிப்பார். அது அவர் பாணி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

வீட்டு ஜெபத்தில் நான் பாட்டை எடுத்தால் அவர் கீழ்க்குரலில் சேர்வது வழக்கம். அதிலும் பிந்த ஆரம்பித்தார். நான் இரண்டாம் வரிக்குப் போயிருப்பேன், அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அப்போதுதான் தொடங்குவார். வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சத்தம் போடுவேன். சத்தம் கூடக் கூட என் குரல் மேலே போகும். மேலே போகப் போக அவர் முகம் இன்னும் வெறுமையாகும். "ஒங்களுக்கு என்னைக் கண்டா ஆகாமப் போச்சு, சொல்லிப்போடுங்க" என்று ஒரு நாள் கத்தினேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி நாலாச்சு, சாயா போடட்டா?" என்றார். இரண்டு வருஷம் இப்படிப் போனது. இரண்டு வருஷம்.

கண்டுபிடித்தவள் மகள். லீவுக்கு வந்திருந்தாள். நான் கடலையைக் குக்கரில் வைத்து, "மூணு விசில் வந்தா அணைச்சிருங்க" என்று அவர் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனேன். திரும்பி வரும்போது கருகல் வாடை. அவர் அடுப்பிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குக்கர் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஏசாதே. அப்பாவுக்க மொகத்தைப் பாரு. அப்பாவுக்கு நெஜமாவே கேக்கல்ல."

நெய்யாற்றின்கரையில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். டாக்டர் ஒரு தாளை மேஜையில் விரித்தார். அதில் ஒரு கோடு இடப்பக்கம் நேராக வந்து, வலப்பக்கம் சரேலென்று கீழே விழுந்தது. எத்தனை வருஷம் மில்லில் வேலை என்று மலையாளத்தில் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். வாள் சத்தம் மேல்சத்தத்தை மட்டும் தின்றிருக்கிறது, அடிச்சத்தம் அவருக்கு இன்றும் உங்களுக்கும் எனக்கும் கேட்கிற மாதிரியே கேட்கும் என்றார். பிறகு பேனாவைக் கோடு விழுந்து கிடந்த பள்ளத்தின் மேலே வைத்து, "டீச்சருடைய சத்தம் இந்த இடம்" என்றார். நான் அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தக் கத்த நான் அவரை விட்டு இன்னும் தூரமாகப் போயிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அவர் என் கையைத் தட்டி, "என்னவாம்?" என்று கேட்டார்.

காதுக்குள் இளஞ்சிவப்புப் பசையை ஊற்றி அச்செடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. காது மடலுக்குப் பின்னால் ஒன்று, காதை அடைத்துக்கொள்ளும் அச்சு ஒன்று. மாட்டியதும் நான் அவர் முன்னால் உட்கார்ந்து, "கேக்குதா?" என்றேன். அவர் திடுக்கிட்டார். "கேக்குது. செம்புக் கொப்பரையைத் தட்டின மாதிரி இரிக்கு. ஆனா நீதான்" என்றார். அன்று வீட்டு ஜெபத்தில் பிந்தாமல் பாடினார். நான் பாதியில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். அந்தப் பாட்டு, பேஸ் பிந்தி வருகிற பாட்டு. விரலை உயர்த்தினார். பேஸ் வந்தது, எனக்குக் கேட்டது. விரல் தாழவில்லை. பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, அவர் விரலை உயர்த்தியபடியே என்னைப் பார்த்தார்.

"மெஷின்ல அவன் வரமாட்டேங்கான்" என்றார்.

டாக்டரிடம் கேட்டோம். பேச்சைக் கேட்பதற்குத்தான் மெஷின், பாட்டுக்கு இல்லை என்றார். அச்சு காதை அடைத்துக்கொள்வதால் அடிச்சத்தம் உள்ளே போகாது, பாட்டுக் கேட்கும்போது கழற்றி வையுங்கள் என்றார். ஆக, மெஷின் இருந்தால் நான் உண்டு, அவன் இல்லை. கழற்றினால் அவன் உண்டு, நான் இல்லை. அவர் நியாயமான மனிதர். இரண்டையும் பங்கு வைத்தார். சாப்பாட்டுக்கும் ஜெபத்துக்கும் ஆள் வந்தால் பேசவும் மெஷின். பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை, மாலையில் சாயா குடித்த பிறகு ஒரு மணி நேரம், மெஷின் மேஜையில். அந்த நேரம் ஸ்பீக்கரை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. மேஜையில் அந்த இரண்டு மெஷினும் கிடப்பதைப் பார்த்தால், என்னையே கழற்றி வைத்த மாதிரி இருக்கும்.

மழைக்காலம். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லடியில் பாசி. ஒரு காலையில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் மடங்கிவிட்டது, எழும்ப முடியவில்லை. கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். முன்னறையிலிருந்து 'நிக்கியவன்' ஒரே சுரத்தில் வந்துகொண்டிருந்தது. மணி பத்தேகால் இருக்கும். கடைசியில் மதிலுக்கு அந்தப்பக்கத்து வீட்டுக்காரி கேட்டு ஓடி வந்து தூக்கினாள். நனைந்த சேலையோடு நொண்டி நொண்டி முன்னறைக்கு வந்து, அவர் மடியிலிருந்த ஸ்பீக்கரைப் பிடுங்கினேன்.

"இனி ஒங்களுக்கு எது வேணும்? நானா, அவனா?"

அவருக்குக் கேட்கவில்லை. என் சேலையையும் காலையும் பார்த்துப் பதறி எழுந்தார். மேஜையிலிருந்து மெஷினை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினார். மாட்டிவிட்டு, "என்ன சொன்னே?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். விழுந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கால் வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வகுப்பில் மந்தப் பிள்ளைக்குச் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அதையே திரும்பச் சொன்னேன்.

அவர் என் காலுக்கு எண்ணெய் காய்ச்சப் போனார்.

அதற்குப் பிறகு அவர் மெஷினைக் கழற்றவில்லை. எழுந்ததும் மாட்டுவார், படுக்கும்போதுதான் எடுப்பார். ஸ்பீக்கர் அலமாரியின் மேலே ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறு பேஸ் கிட்டாரைச் சபையிலேயே விட்டுவிட்டு வந்தார். "வயசாச்சு, இனி அவங்க வாசிக்கட்டு" என்றார். நான் நம்பினேன். உண்மையைச் சொன்னால், ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டால் உடனே, "ஆ, வாறேன்" என்று குரல் வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு.

நாலு மாதம். அந்த நாலு மாதமும் அவருக்கு என் சத்தம் கேட்டது. அவருக்குக் கேட்கும்படி நான் என்ன சொன்னேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மோட்டாரை அணையுங்க என்று சொன்னேன். செருப்பை வெளியே போடுங்க என்று சொன்னேன். மீன்காரன் போயிட்டான், அங்க என்ன பண்ணிட்டிருக்கிய என்று கேட்டேன். மாத்திரை போட்டாச்சா என்று தினமும் கேட்டேன், அதைக்கூட அதட்டிக் கேட்டேன். ஒரு நல்ல வார்த்தையாவது இருக்குமென்று துழாவிப் பார்க்கிறேன். இருந்திருக்கும். நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

ஒரு காலையில் சாயா குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கிறதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து, அவர் காதிலிருந்து எடுத்த இரண்டு மெஷினையும் என் உள்ளங்கையில் வைத்தாள். அணைக்கத் தெரியாமல் கையை மூடிக்கொண்டேன். மூடிய கைக்குள் அவை 'கீ' என்று கத்தின. வீடு வந்து சேரும்வரை கத்திக்கொண்டே இருந்தன. மகள்தான் என் விரல்களைப் பிரித்து எடுத்து பாட்டரியைக் கழற்றினாள்.

அடக்கத்தில் குழு பாடியது. நான் பாடவில்லை.

போன வாரம் அலமாரியின் மேலிருந்து ஸ்பீக்கரை இறக்கித் துடைத்தேன். மெஷின் பெட்டியில் பிரிக்காத பாட்டரி அட்டை ஒன்று இருந்தது. எதற்கு அப்படித் தோன்றியதோ, ஸ்பீக்கரில் பேஸ் பிந்தி வருகிற அந்தப் பாட்டை ஓடவிட்டு, இரண்டு பாட்டரி போட்டு, மெஷின் இரண்டையும் என் காதில் வைத்தேன். அச்சு அவர் காதுக்கு எடுத்தது. என் காதில் உட்காரவில்லை, கத்தியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். கத்தல் நின்றது. பாட்டு ஏற்கனவே தொடங்கியிருந்தது.

எல்லாம் கேட்டது. பாடுகிறவன் மூச்சு இழுப்பது கேட்டது. தாளத்தட்டு காதைக் குத்தியது. என் வளையல் உரசுவது, வெளியே ஒரு அணில், எல்லாம் தகரத்தில் தட்டினது போலக் கேட்டது. வரிகளை எண்ணினேன். இன்னும் இரண்டு வரி. இன்னும் ஒன்று. எதிரே அவருடைய நாற்காலி.

வரவில்லை. அந்த இடம் வந்தது, போனது. பாட்டு காற்றில் தொங்கியபடியே கடைசிவரை போனது. அவன் வரவேயில்லை.

பாட்டு நின்ற பிறகும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். "இஞ்ச பாருங்க" என்று நாற்காலியைப் பார்த்துக் கூப்பிட்டேன். என் குரல் மெஷின் வழியாக எனக்கே வந்தது. கூர்மையாக, அதட்டலாக, ஒரு எழுத்துக்கூட விடாமல். இந்தச் சத்தத்துக்காகவா அவனை விட்டீங்க என்று கேட்டேன். அதுவும் தெளிவாகக் கேட்டது.